வைமாரில் உடைந்த ஜாடி

ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் ரயிலேறினால் கால் மணி நேரத்தில் வைமார் வந்துவிடும். சின்ன ஊர், நடந்தே சுற்றிவிடலாம். ஊர் நடுவில் நாடக அரங்கு. அதன் வாசலில் கோத்தேயும் ஷில்லரும் வெண்கலச் சிலையாக நிற்கிறார்கள். 1857இல் வைத்த சிலை அது. வருகிறவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் அரங்கை அதிகம் பேர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த இடத்துக்கு ஒரு தோல்விக் கதை உண்டு. 1808 மார்ச் 2ஆம் தேதி இரவு அங்கே ஒரு நகைச்சுவை நாடகம் முதன்முதலாக மேடை ஏறியது. பெயர் ‘உடைந்த ஜாடி’. எழுதியவர் ஹைன்ரிஹ் ஃபொன் கிளைஸ்ட், மேடையேற்றியவர் கோத்தே. பார்க்க வந்தவர்கள் சீட்டியடித்தே அதை விரட்டிவிட்டார்கள்.

நாடகம் பிறந்தது சுவிட்சர்லாந்தில். 1802இல் பெர்ன் நகரில், நண்பர் ஒருவரின் அறைச் சுவரில் ஒரு பிரெஞ்சு ஓவியத்தின் அச்சுப் பிரதி தொங்கியது. உடைந்த ஜாடியோடு நீதிபதி முன் நிற்கும் ஒரு குடும்பம்தான் படம். இதை வைத்து யார் நன்றாக எழுதுகிறார்கள் பார்ப்போம் என்று நண்பர்கள் பந்தயம் கட்டினார்கள். கிளைஸ்டின் பங்குக்கு வந்தது நகைச்சுவை நாடகம்.

கதை ஹாலந்தில், ஹைசும் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. மார்த்தே அம்மாள் தன் ஜாடியை உடைத்தவன் மகளுக்கு நிச்சயித்த பையன் ரூப்ரெஹ்ட்தான் என்று வழக்குப் போடுகிறார். உண்மையில் உடைத்தவர் வழக்கை விசாரிக்கும் நீதிபதியேதான்! முதல் நாள் இரவு அந்தப் பெண்ணின் அறையில் இருந்தவர், ஆள் வரும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகக் குதித்ததில் ஜாடி விழுந்தது. அவருடைய பொய்முடி கொடிப்பந்தலில் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை மண்டையில் காயத்தோடும் மொட்டைத் தலையோடும் அவர் விசாரணைக்கு உட்காருகிறார். அன்றைக்கென்று பார்த்து உட்ரெஹ்ட்டிலிருந்து மேலதிகாரியும் சோதனைக்கு வந்து நிற்கிறார்.

நீதிபதியின் பெயர் ஆதாம், பெண்ணின் பெயர் ஏவாள். ஜெர்மன் மொழியில் ‘வழக்கு’, ‘விழுதல்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். கிளைஸ்ட் அதை வைத்து நாடகம் முழுக்க விளையாடுகிறார். மற்ற மொழிக்காரர்கள் இந்த இடத்தில் திண்டாடுவார்கள். வானொலியில் நாக்கு புரளாமல் பேசிப் பழகிய எனக்கு உடனே தோன்றியது: தமிழில் ‘வழக்கு’க்கும் ‘வழுக்கு’க்கும் ஓர் உகரம்தான் வித்தியாசம். யாராவது தமிழில் செய்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, இவ்வளவு சிரிப்பு இருந்தும் ஏன் தோற்றது? ஒரே மூச்சில் ஓட வேண்டிய ஓரங்க நாடகத்தை கோத்தே மூன்றாகப் பிரித்தார். விசாரணையின் வேகமே போய்விட்டது. போதாததற்கு, அன்று முதலில் ஓர் இசை நாடகமும் நடந்தது. ஜனங்கள் ஏற்கெனவே களைத்திருந்தார்கள். டிரெஸ்டனில் இருந்த கிளைஸ்ட், செய்தி கேட்டுத் தன் பத்திரிகையில் கோத்தேயைக் குத்திக் கவிதைகள் எழுதினார். 1811இல் நாடகத்தைப் புத்தகமாக்கியபோது முடிவைச் சுருக்கி, பழைய நீண்ட முடிவைப் பின்னிணைப்பாகப் போட்டார். அதே ஆண்டு நவம்பரில், 34 வயதில், அவர் வாழ்க்கை முடிந்தது.

நம் வட்டாரத்து வாசகர்கள் அந்தப் பின்னிணைப்பைத்தான் தேடிப் படிக்க வேண்டும். ஏவாள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அதில்தான் விரிவாக இருக்கிறது. ரூப்ரெஹ்ட்டுக்குப் பட்டாள அழைப்பு வந்திருக்கிறது. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்களுக்கு அந்த வீட்டின் மனநிலை புரியும். ‘உள்ளூர்க் காவலுக்கு என்று சொல்வது பொய், கிழக்கிந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள்’ என்கிறார் நீதிபதி. போனவர்களில் மூன்றில் ஒருவர்தான் திரும்புவார் என்பது ஊர்ப் பேச்சு. பையனுக்கு உடல்நலம் சரியில்லை என்று சான்றிதழ் தருகிறேன் என்ற சாக்கில்தான் அவர் இரவில் அவள் அறைக்குள் வந்தது. அவள் பயந்த அந்த ஊர் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணம்! ஜாவா, பாந்தாம் பெயர்களும் அதில் வருகின்றன. நம் கடலைக் காட்டி ஒரு கிராமத்துப் பெண்ணை மிரட்டியிருக்கிறார்கள். குட்டி முடிவில் இதெல்லாம் சட்டென்று கடந்துபோகிறது. சிரிப்பு குறையாது, ஆனால் ஏவாள் குறைந்துபோகிறாள். எனக்கு நீண்ட முடிவுதான் பிடிக்கும்.

1820இல் ஹாம்பர்க்கில் நாடகத்தை வெட்டிச் சுருக்கிப் போட்டார்கள், ஓடியது. பிறகு பெரிய நடிகர்கள் எல்லோரும் ஆதாம் வேடத்துக்கு ஆசைப்பட்டார்கள். 1937இல் எமில் யானிங்ஸ் நடித்துப் படமாகவும் வந்தது. ஆங்கிலத்தில் துணிச்சலாகக் கையாண்டவர்கள் இருவர். ஜான் பான்வில் 1994இல் கதையை 1846ஆம் ஆண்டு அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குள் கொண்டுபோனார். பிளேக் மாரிசன் அதை யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் பேச வைத்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் இவை நின்றிருக்காது என்பது என் எண்ணம். ஊர்ப் பஞ்சாயத்தின் வாடை வேண்டும், அது வட்டாரப் பேச்சில்தான் வரும்.

வைமாரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில், எட்டர்ஸ்பெர்க் குன்றின்மேல், நாஜிகள் 1937இல் அமைத்த புகன்வால்ட் வதைமுகாம். பேருந்து போகிறது. அங்கே போய்விட்டு அரங்கின் முன் திரும்பி வந்து நின்றால் விக்டர் உல்மன் நினைவுக்கு வருவார். யூதக் குடும்பத்தில் பிறந்த இந்த இசையமைப்பாளர், பிராக் நகரில் நாஜி ஆக்கிரமிப்புக்கு நடுவே ‘உடைந்த ஜாடி’யை இசை நாடகமாக்கினார். நேர்மையில்லாத நீதிபதியின் கதையை அந்த நேரத்தில் அவர் தேர்ந்தெடுத்ததை நினைத்துப் பாருங்கள். முடித்த 1942ஆம் ஆண்டிலேயே அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

அவருடைய இசை நாடகம் முதன்முதலாக மேடை ஏறியது 1996 மே மாதம், வைமாரில். 1808இல் சீட்டியடித்த அரங்கு 1825இல் தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது 1908இல் திறந்து, போரில் குண்டு விழுந்து, 1948இல் மறுபடி திறந்த கட்டடம். இடம் மட்டும் அதேதான்.