காருக்கும் மூச்சு வேண்டும்!

மாமனார் 1978-ல் வாங்கிய அம்பாசடர் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. போன கோடையில்தான் பாடாய்ப் படுத்திவிட்டது. சமர்த்தாகக் கிளம்பும், அரைமணி ஓடியதும் திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஓடும்.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று இவர் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்தார். பலனில்லை. "கார்புரேட்டரையே மாத்தணும்" என்றார் மெக்கானிக். "பேசாம எடைக்குப் போட்டுடலாம்" என்றார் இவர். எனக்கு மனசு வரவில்லை. என் இரண்டு குழந்தைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டியாயிற்றே!

ஒருநாள் எண்ணெய் டின்னில் ஓட்டை போடும்போது பளிச்சென்று தோன்றியது. ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழுமா? காற்று போக இன்னொன்று வேண்டாமா?

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பெட்ரோல் டாங்க் மூடியில்தான் காற்றுத் துவாரம். அது அழுக்கால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்க் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது.

அடுத்த தடவை வண்டி நின்றதும் மூடியைத் திறக்கச் சொன்னேன். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போயிற்று. இரண்டு தரம் ஸ்டார்ட் செய்ததும் கிளம்பிவிட்டது! மூடியைக் கழற்றி, துவாரத்தை ஊசியால் சுத்தம் செய்தோம். பிறகு தொந்தரவே இல்லை.

உங்கள் வீட்டுப் பழைய காரும் இப்படி நின்றால், முதலில் மூடி, பிறகு குழாய், ஃபில்டர், பம்ப், கடைசியில் கார்புரேட்டர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மறக்காதீர்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது!