மலையேறி வந்த கரைப்பறவை

கரைப்பறவைகளைக் காண விழைவோர் கோடியக்கரைக்கோ தூத்துக்குடி உப்பளங்களுக்கோ செல்வதே வழக்கம். அவற்றைத் தேடிச் சென்ற தை மாதத்தில் நாங்கள் 7,000 அடி உயரத்துக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டபோது உறவினர் நகைத்ததில் வியப்பில்லை. ஆயினும், உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த பறவையொன்று கடலையும் சேற்றுக் கரையையும் துறந்து, சோலைக்காட்டுச் சருகுகளிடையே வாழ்கின்றது. ஆங்கிலத்தில் அதனை 'உட்காக்' என்பர். கோடையில் இமயத்துக் காடுகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் வந்து சேரும் அரிய விருந்தாளி அது.

முதலில் செண்பகனூர் சென்றோம். 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், பாடம் செய்த பறவைகளை என் மகள் நெடுநேரம் நோக்கி நின்றாள். பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-இல் பெருநூல் வெளியிட்ட மத்தேயு அடிகளாரும் இச்சபையினரே. குருக்களுக்குப் பூசைப் புத்தகம் ஒன்றே போதும் என்று எண்ணுவோர் ஒருமுறை இங்கு வரவேண்டும்!

பின்னர் மூன்று மாலைகள், பாம்பார் சோலையின் ஓரம். எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதலிரு நாள்களும் மூடுபனியே மிஞ்சியது. ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மறைபோதகரின் பெயர் தாங்கிய சிரிப்பான் குருவிகள், எங்களைக் கண்டுதானோ என்னவோ, புதருக்குள் ஓயாது சிரித்தன.

மூன்றாம் நாள் பெரியவர் சட்டென நின்றார். "ஐயா, காலைப் பார்த்து வையுங்க" என்று அவர் முடிக்குமுன், என் காலடியிலிருந்த சருகுக் குவியலே சிறகடித்து எழுந்தது! நீண்ட அலகைக் கீழ்நோக்கியவாறு மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து பறந்து மறைந்தது. பட்டுப்போன இலையின் நிறம் அதற்கு. கண்கள் தலையின் பின்புறமாக அமைந்திருப்பதால், மண்ணில் அலகைப் புதைத்து இரை தேடுகையிலும் பின்னே வரும் பகையை அது காணும். அலகின் நுனி மட்டும் தனியே திறந்து மண்புழுவைப் பற்றிக்கொள்ளும்.

ஓடையோரத்து ஈரமண்ணில் சிறு துளைகளைப் பெரியவர் காட்டினார். பிறகு எதிர்ச்சரிவைச் சுட்டினார். "நான் சிறுவனா இருந்தப்போ அது பூராவும் புல்வெளி, ஐயா." இன்று அங்கே வாட்டில் மரங்கள்; தோல் பதனிடும் பட்டைக்காக அந்நாளில் நடப்பட்டவை, தாமாகவே பரவிவிட்டன. 2013-இல் இம்மலைக்காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆனால், வாட்டில் அரசாணையைப் படிப்பதில்லையே! புல்வெளியும் சோலையும் தேக்கும் நீரால்தான் அந்த ஓடை நனைந்திருக்கின்றது. ஈரமற்ற மண்ணில் இவ்வலகு இறங்காது.

பேருந்து நிலையத்தை அடைகையில் மணி ஏழு. என் மகளின் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இவ்வளவே இருந்தது: "ஒன்று. இரண்டு விநாடி."