ஸ்டோர் அடுப்பும் ஆண்டறிக்கையும்

போடிமெட்டுச் சரிவிலும் அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கமும் ஆவணியிலிருந்து தை வரை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் அடுப்பு அணைவது அபூர்வம். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகும் பெண்கள் மாலைக்குள் பறித்துக் கொட்டும் காயில், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பத்துப் பங்கு அளவுக்கு இறக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும்.

அந்த ஒரு கிலோவின் விலை ஸ்டோர்காரர் கையில் இருக்கிறது. காயைக் கழுவி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தட்டுகளில் மெல்லிசாகப் பரப்புகிறார். அடுப்பின் புகை குழாய் வழியே வெளியேறிவிடும்; குழாயின் சூடு மட்டும்தான் அறைக்குள் இறங்க வேண்டும். முதல் சில மணி நேரம் ஆவி போக வழி திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டால் காய் வெந்து நிறம் செத்துவிடும். வெப்பம் 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நடுச்சாமத்தில் ஒரு காய்ந்த கட்டை கூடுதலாக விழுந்தால் போதும், தோல் வெடிக்கும். எண்ணெய் போகும், அதோடு வாசமும் போகும். விடிகிற நேரத்தில் தீ தணிந்தாலும் கெடுதிதான். சுவரில் வெப்பமானி தொங்கினாலும் அனுபவசாலி அதை மட்டும் நம்பமாட்டார். ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை உருண்டு சலசலத்தால், சூட்டைச் சற்று ஏற்றி, சூடு ஆறுவதற்குள் தேய்த்துக் காம்பை உதிர்க்கச் சொல்வார்.

இந்த வேலையை அறியாமல் சுத்த எரிசக்தி பேசுவது வீண்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, வெயில் இருக்கும்போது விறகு எதற்கு என்றுதான். நேர் வெயில் ஏலக்காயின் பச்சையை வெளுக்கவைக்கும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் வியாபாரியின் கண் முதலில் போவதோ நிறத்தின் மேல். பறிப்பு மும்முரமாகும் புரட்டாசி, ஐப்பசியில் மலை மேல் மழையும் மூடுபனியும். பறித்த காய் வெயிலுக்காகக் காத்திருக்காது. சூரியத் தகடு சூட்டின் ஒரு பங்கைத் தரலாம். முழு இரவையும் தாங்காது.

ஆனாலும் விறகைக் குறைத்தே ஆக வேண்டும். ஏலச்செடி நிழலில் வாழ்கிற செடி. நிழல் மரங்களைக் கவாத்து செய்து கிடைக்கும் கிளைகள் போதாதபோது மரமே அடுப்புக்குப் போகிறது. தோட்டம் தன் கூரையைத் தானே எரிக்கிறது.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. டெல்லியின் டெரி என்ற லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம், சிக்கிமில் பெரிய ஏலக்காயை உலர்த்த விறகு வாயு அடுப்பைக் களத்தில் இறக்கிப் பார்த்தது. அங்கே பட்டி என்னும் பழைய உலர்த்தும் அடுப்பில் புகை நேராகக் காயின் மேலேயே ஏறும். வாயு அடுப்பில் விறகு குறைந்தது, காயின் இயல்பான நிறமும் எண்ணெயும் கூடுதலாக நின்றன. பெங்களூரில் 1993இல் தொடங்கிய டைட் அமைப்பு வேறு வழியில் போனது. சிறுதொழில்களுக்கான விறகு சிக்கன அடுப்புகளை ஆங்காங்கே உள்ள சிறு தொழில்முனைவோரே கட்டி விற்கப் பழக்கியது. அதற்காக 2008இல் ஆஷ்டன் விருது பெற்றது. இந்த இரண்டில் டைட் போன வழிதான் மலைக்கு அதிகம் பொருந்தும். பழுதானால் மறுநாளே வந்து பார்க்க அடிவாரத்தில் ஓர் ஆள் வேண்டுமே!

மின்சாரத்தில் ஓடும் உலர்த்தி வந்தால் புகைப் பிரச்சினையே இல்லை. ஆனால் அதற்கு இரவு முழுக்க அறாத மின்சாரம் தேவை. தேனி மாவட்டக் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக் காற்றில் வேகமெடுப்பவை. காய் குவியும் ஐப்பசியில் அந்தக் காற்று ஓய்ந்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஓடும் தலா 1,000 மெகாவாட் உலைகள், எரிபொருள் மாற்ற நிறுத்தும் காலம் போக, பருவம் பாராமல் ஓடக்கூடியவை. காற்று, சூரியன், நீர், அணு எல்லாம் சேர்ந்தால்தான் ஸ்டோரின் ஓர் இரவு நிறையும். அதிலும் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கைகொடுக்க விறகு அடுப்பு பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எரிசக்தித் துறைக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. எத்தனை கருவி வைத்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற கணக்கு அதில் இருக்கும். அது தேவைதான். அதோடு இன்னொரு வரியும் சேரட்டும்: மூன்று பருவத்துக்கு முன் வைத்த அடுப்புகளில் எத்தனை இன்றும் எரிகின்றன? அதை எண்ண வருகிறவர்கள் ஐப்பசியில் வாருங்கள், இரவில் வாருங்கள். ஸ்டோர்காரரிடம் கேட்டால் எது ஓடுகிறது, எது ஏன் நின்றது என்று சொல்லிவிடுவார்.