கொம்பில்லாச் சேணம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-ஆம் வருஷத்திலிருந்து ரயில் ஓடுகிறது. கூட்டமில்லாத நாளில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதைப்போன்ற சுகமான பிரயாணம் வேறு இல்லை. ஆனால் ஊரையும் ஜனங்களையும் பார்க்க வேண்டுமென்றால் சாலை வழியேதான் போகவேண்டும். பாளையங்கோட்டையைத் தாண்டியதும் தாமிரபரணி ஒரு பக்கம் கூடவே வருகிறாள். நெல்லும் வாழையும் மாறி மாறிக் கண்ணைக் குளிர்விக்கின்றன. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நம்மாழ்வாரின் புளியமரம் நிற்கும் ஆழ்வார்திருநகரி, மகர நெடுங்குழைக்காதர் எழுந்தருளியிருக்கும் தென்திருப்பேரை என்று ஒவ்வொரு ஊரும் ஒரு கோபுரத்தைக் காட்டி அனுப்புகிறது. குரும்பூருக்கு அப்பால் வயல்கள் குறைந்து பனைகள் பெருகுகின்றன. காற்றில் உப்பு வாசம் வந்துவிட்டால் செந்தூர் சமீபத்தில் என்று அர்த்தம்.

இந்தச் சாலையில் பாத யாத்திரைக்காரர்களை அடுத்து அதிகமாகக் காணப்படுகிறவர்கள் இருசக்கர வண்டியில் வரும் குடும்பத்தினர். முன்னால் புருஷன், அவன் கைகளுக்கிடையே மூத்த பிள்ளை, பின்னால் மனைவி, இரு கால்களையும் இடப்புறம் தொங்கவிட்டு, மடியில் கைக்குழந்தையோடு, அந்தக் குழந்தைக்கும் அவளுக்கும் இடையில் அர்ச்சனைக் கூடை. இப்படி ஒரு குடும்பம் அறுபது கிலோமீட்டர் போய், கடலில் நீராடி, நாழிக்கிணற்றில் உப்பைக் கழுவி, சுவாமி தரிசனம் செய்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறது. பக்தியில் யாருக்கும் குறைவில்லை. அந்தத் தாய் எதைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தால்தான் நமக்கு வயிறு கலங்குகிறது.

ஒரு பக்கமாக உட்கார்ந்து சவாரி செய்வதை நம்முடைய பழைய வழக்கம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. சிவகங்கை வேலு நாச்சியார் குதிரையேற்றம் பயின்றவர். ஜான்சி ராணி லட்சுமிபாய் 1858-இல் கோட்டையிலிருந்து வெளியேறிப் போரிட்டபோது இருபுறமும் கால் போட்டே குதிரை ஏறியவர். வளர்ப்பு மகனை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் குதிரையில் பாய்ந்ததாக ஜனங்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது: குழந்தை முதுகில் கட்டப்பட்டிருந்தால் இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கும்.

ஒரு பக்க ஆசனம் ஐரோப்பியரின் ஏற்பாடு. பொஹீமியா தேசத்து ஆன் என்னும் அரசகுமாரி 1382-இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டை மணந்தபோது அந்த வழக்கத்தை அங்கே கொண்டு சென்றாள் என்று சொல்வது மரபு. அக்காலத்துச் சேணம் கிட்டத்தட்ட ஒரு நாற்காலிதான். கால் வைக்க ஒரு பலகை, முகம் பக்கவாட்டில். குதிரையை வேறொருவர் பிடித்து நடத்திச் செல்வார். மேலே இருந்த சீமாட்டி ஏறக்குறைய ஒரு மூட்டைதான். குதிரை மிரண்டால் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பதினாறாம் நூற்றாண்டில், பிரெஞ்சு ராணி காதரீன் டி மெடிசியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மாறுதல் வந்தது: சேணத்தின் முன்புறத்தில் ஒரு கொம்பு முளைத்தது. வலது காலை அதன்மேல் வளைத்துப் போட்டுக்கொண்டால் முகத்தை முன்னோக்கித் திருப்ப முடிந்தது. கடிவாளம் பெண்ணின் கைக்கு வந்தது. 1830-ஐ ஒட்டி, இடது தொடைக்கு மேலே வளைந்து நிற்கும் இரண்டாவது கொம்பு சேர்ந்தது. ஜூல் பெலியே என்ற பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசிரியர் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். அதன்பின் ஸ்திரீகள் நரிவேட்டைக்குப் போனார்கள், வேலிகளைத் தாண்டினார்கள்.

இந்த இரண்டு கொம்புகள் செய்யும் வேலை மிக நேர்த்தியானது. கால்கள் இரண்டும் இடப்புறம் இருந்தாலும் முதுகெலும்பு குதிரையின் முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கவேண்டும். தோள்கள் குதிரையின் காதுகளைப் போல் சமமாக நிற்கவேண்டும். உடலின் பாரம் வலது தொடையில் தங்கும். ஆபத்து வந்த க்ஷணத்தில் வலது கால் மேல் கொம்பை அழுத்தும். இடது குதிகாலைச் சிறிது உயர்த்தினால் இடது தொடை கீழ்க் கொம்பில் போய் இறுகும். பாக்குவெட்டியில் பாக்கு அகப்பட்டதுபோல் ஆசனம் உறுதிப்பட்டுவிடும். கைகளுக்கு இதில் பங்கே இல்லை. அவை கடிவாளத்துக்காக விடப்பட்டவை. 1981 ஜூன் மாதத்தில் லண்டனில் ஓர் அணிவகுப்பின்போது எலிசபெத் ராணியை நோக்கி ஒரு வாலிபன் ஆறு வெற்று வேட்டுகள் சுட்டான். ஒரு பக்கமாக அமர்ந்திருந்த ராணி, மிரண்ட குதிரையை அடக்கிக்கொண்டு மேலே சென்றார். நமக்கு அந்தச் சிம்மாசனத்தின்மேல் பக்தி ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தச் சேணத்தைச் செய்த தொழிலாளிக்கு ஒரு வணக்கம் செலுத்தலாம்.

கொம்புகளிலும் ஒரு தீங்கு இருந்தது. அக்காலத்துப் பெண்களின் நீண்ட பாவாடை, விழும்போது கொம்பில் மாட்டிக்கொள்ளும். குதிரை அவர்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும். இப்படிப் பலர் மாண்டபிறகு, மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் உடுப்பையும், விழுந்தால் பாதத்தை விட்டுவிடும் அங்கவடியையும் செய்தார்கள். உடை மாறவேண்டும் அல்லது சேணம் மாறவேண்டும் என்பதை அவர்கள் உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

இனி நம் சாலைக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் என்பது இருபுறமும் கால் போட்டு உட்காருவதற்கென்றே ஐரோப்பாவில் உருவான யந்திரம். 1980-இல், இருவர் செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட்டாக டி.வி.எஸ். 50 வந்தது. அந்த நிறுவனத்தின் மூலவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதில் நெல்லைச் சீமைக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வண்டியும் அதன் பின்னோர்களும் கிராமத்துப் பெண்ணைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கொண்டுசேர்த்தன. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் புடவை கட்டிய பெண் அதில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். சேணம் இருக்கிறது, கொம்பு இல்லை. ஆன் அரசகுமாரியின் பலகைக்குத் திரும்பிப் போய்விட்டோம்; குதிரை நடந்து போகாமல் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

வகுப்பில் சடத்துவம் பற்றிப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தையே சொல்வது என் வழக்கம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். வண்டி திடீரென்று நின்றால் உடல் அந்த வேகத்திலேயே முன்னே போகப் பார்க்கும். இருபுறமும் கால் போட்டவருக்கு முழங்கால்களும் இரண்டு பாதங்களும் தடுப்பாக நிற்கும். ஒரு பக்கமாக உட்கார்ந்தவளுக்கு முன்னும் பின்னும் தடுப்பு கிடையாது. வண்டி சட்டென்று கிளம்பினால் பின்சக்கரத்தின் பக்கம் சரிவாள். வலப்புறம் ஒடித்தால் காலோடு முன்னே வழுக்குவாள். இடப்புறம் ஒடித்தால் வருவதுதான் மிகக் கொடியது: அவள் முதுகுப்புறமாக விழுவாள்; அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பது சாலையின் நடுப்பகுதி, எதிரே லாரி வரும் இடம். குதிரைச் சேணத்தில் தொடைகள் செய்த காரியம் முழுவதையும் இங்கே இரண்டு கைகள் செய்யவேண்டும். அந்தக் கைகளில் ஒன்றில் குழந்தை, மற்றொன்றில் கூடை.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் வண்டி செய்கிறவரே பொருத்தித் தரவேண்டும் என்கிறது. சாரி கார்டு என்று நாம் சொல்வது இந்தத் தடுப்பைத்தான். வண்டி வாங்கிய மறுவாரமே அதைக் கழற்றி எறிந்துவிடும் வாலிபர்களை நான் அறிவேன், அழகு கெட்டுவிடுகிறதாம். பிற்பாடு அதே வண்டியில் தாயாரையோ தமக்கையையோ ஏற்றிக்கொண்டு செந்தூருக்குப் போகிறார்கள். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் முதலில் இறுகுவது கழுத்து. ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பதும், பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கின்றன. சாலையில் எத்தனை தலைகளில் இருக்கின்றன என்பதை யாத்திரிகர்கள் தாமே எண்ணிக்கொள்ளலாம்.

குரும்பூரிலிருந்து கிழக்கே திரும்பி ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகவும் செந்தூரை அடையலாம். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் எனக்குக் குதிரைகளின் நினைவு வரும். தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரையில்தான் பாண்டியரின் காயல் துறைமுகம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்ததை எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய மன்னர் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாராம். அவருடைய சகோதரர்கள் நால்வரும் அப்படியே வாங்கினார்களாம். வருஷ முடிவில் நூறுகூட உயிரோடு இராதாம். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வியாபாரிகளோ, லாடம் அடிப்பவர்களையும் வைத்தியம் தெரிந்தவர்களையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை வாங்க அமைச்சரிடம் பொற்காசு கொடுத்தனுப்பிய மன்னனின் கதையை மாணிக்கவாசகர் வரலாற்றில் கேட்டு வளர்ந்த நமக்கு, பாண்டியரின் குதிரை மோகம் புதிய செய்தியன்று. யந்திரத்தை வாங்கி அதனோடு வரவேண்டிய வித்தையை வாங்காமல் விடும் பழக்கம் இந்தக் கரைக்கு எவ்வளவு பழையது என்பதே எனக்கு ஆச்சரியம்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஒரு பக்கமாகத்தான் உட்காரவேண்டும் என்று இருப்பவர்கள், ஆசனத்தின் ஓரத்தில் தொற்றிக்கொள்ளாமல் உள்ளே தள்ளி முழு இடுப்பும் படியும்படி அமரவேண்டும். இடுப்புக்கு மேலே உடம்பை முன்னோக்கித் திருப்பிக்கொண்டால் வரும் பள்ளமும் வேகத்தடையும் கண்ணுக்குத் தெரியும்; தெரிந்த குலுக்கல் பாதி குலுக்கல். இடது பாதம் முழுவதும் மிதியில் பதிந்திருக்கட்டும். வலக்கை ஓட்டுகிறவரின் இடுப்பைச் சுற்றட்டும். தோளைப் பிடித்து இழுத்தால் வண்டியே ஆடும். இடக்கைக்கு உரிய இடம் பின்னால் இருக்கும் கம்பி. கொசுவத்தைத் தொடைக்கடியில் அடக்கி, முந்தானையை முன்னால் கொண்டுவந்து செருகிக்கொள்ளவேண்டும். இவ்வளவுக்குப் பிறகு குழந்தைக்குக் கை மிச்சமில்லை என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

ஆனால் இது இரண்டாந்தரமான உபாயமே. இருபுறமும் கால் போட்டு உட்காருவதே முறை என்பது என் அபிப்பிராயம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1943-இல் சிங்கப்பூரில் அமைந்த நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில், மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த நம் தமிழ்ப் பெண்கள் கால்சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்தினார்கள். இன்று பள்ளிக்கும் வேலைக்கும் செல்லும் பெண்கள் தாங்களே ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். 2018-இல் உழைக்கும் மகளிருக்கு இருசக்கர வண்டி வாங்க மாநில அரசு மானியமும் கொடுத்தது. வண்டியின் கடிவாளம் கைக்கு வந்த பெண்ணை, பின் ஆசனத்தில் ஏறியதும் மறுபடியும் மூட்டையாக்குவது எந்தச் சாஸ்திரம் என்று எனக்குப் புரியவில்லை.

சென்ற ஐப்பசியில், சஷ்டிக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, செந்தூரில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. நனைந்த புடவையோடு ஓர் இளம்பெண் வழக்கம்போல் ஒரு பக்கமாக ஏறப்போனாள். கூட இருந்த மூதாட்டி தடுத்தாள்.

“ரெண்டு பக்கமும் கால போட்டு உக்காரு, தாயி. ஈரச் சேல வழுக்கும்.”

“எல்லாரும் பாப்பாவ அத்தே.”

“கடல்ல அத்தன பேருக்கு முன்னால வரிஞ்சு கட்டிக்கிட்டு முங்கினியே, அப்பம் ஒருத்தரும் பாக்கலியா?”

பெண் சிரித்துவிட்டாள். புடவையை முழங்காலுக்குக் கீழ் சேர்த்து வாரிக்கொண்டு, மாமியார் சொன்னபடியே ஏறி அமர்ந்தாள். கிழவி அவள் முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகி, இழுத்துப் பார்த்து, பிறகே வண்டியை எடுக்கும்படி மகனுக்குச் சொன்னாள். அவள் மட்டும் அர்ச்சனைக் கூடையோடு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.