தகட்டுக்கு மேல் தகடு வேண்டாம்

போன மாதம் நல்லவாட்டிலிருந்து ஒரு விவசாயி எங்கள் உழவர் உதவியகத்துக்கு வந்தார். பூச்சி அடித்த கத்தரிச் செடியோ, கருகிய நெற்பயிரோ கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். பையிலிருந்து அவர் எடுத்தது துருப்பிடித்த இரும்புத் தகட்டின் துண்டு. பிஸ்கட்டை ஒடிப்பதுபோல விரலாலேயே ஒடித்துக் காட்டினார்.

"சார், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய டிராக்டர் டிரெய்லரின் தரை நடுவில் தொய்ந்து பள்ளம் விழுந்துவிட்டதாம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம்.

"மேல ஒரு ஷீட்டு போட்டு வெல்டிங் வெச்சுட்டா போதும்னு சொல்றாங்க. அறுவடைக்கு முன்னாடி முடிச்சாகணும். போடலாமா சார்?"

"வேண்டாங்க ஐயா, போடாதீங்க" என்றேன். பயிரைப் பற்றிக் கேட்டால் நாலு கேள்வி திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். இதற்கு யோசிக்காமல் பதில் வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

பாகூர் பக்கம் எங்கள் குடும்ப நிலம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். எங்களிடம் 10 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு டிரெய்லர் உண்டு. தொழு உரம், நெல் மூட்டை, கரும்புக் கரணை, சவுக்குக் கட்டை என்று எல்லாம் அதில்தான் போகும். சில ஆண்டுகளுக்கு முன் அதன் தரை இதேபோலத் தொய்ந்தது. தரையைப் பிரித்து அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். "எதுக்கு அண்ணே அவ்வளவு செலவு? மேலே 3 மில்லிமீட்டர் ஷீட் ஒண்ணு போட்டு நாலு பக்கமும் வெல்டிங் வெச்சா போதும்" என்று சொன்னவன் நான். தம்பி படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று அண்ணனும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. ஒரு நாள் நடவு முடிந்து பெண்கள் 6 பேர் அந்த டிரெய்லரில் ஏறி வீடு திரும்பினார்கள். வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறி இறங்கிய குலுக்கலில் நடுத்தரை கிழிந்தது. ஓர் அக்காவின் கால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. வண்டி மெதுவாகப் போனதாலும், அண்ணன் சட்டென்று நிறுத்தியதாலும் கால் தப்பியது. ஆனால் தகட்டின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்து, 14 தையல் போட வேண்டியிருந்தது. அந்தப் பட்டத்து நடவு முழுக்க அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அண்ணன் வைத்தியச் செலவையும் கூலியையும் கொடுத்தார். நான் பார்க்கப் போனபோது அந்த அக்கா, "உங்க அண்ணன் மேல தப்பு இல்ல தம்பி, வண்டி பழசு" என்றார். தப்பு அண்ணன் மேல் இல்லைதான், என் மேல். அதை அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லப் பல ஆண்டுகள் ஆயின.

பிறகு பட்டறையில் தரையை வெட்டி எடுத்தபோதுதான் நடந்தது புரிந்தது. பழைய தகட்டுக்கும் புதிய தகட்டுக்கும் நடுவே ஈர மண்ணும் மக்கிய வைக்கோலும் அப்பிக் கிடந்தன. எந்த மூலையிலோ வெல்டிங் விட்ட இடத்தில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. மேலே பார்த்தால் பெயின்ட் மினுமினுக்கும். உள்ளே இரண்டு தகடும் அரித்து, அடியில் தாங்கும் குறுக்குச் சேனலும் பாதி போய்விட்டது. போதாததற்கு, அந்த அளவு ஷீட்டின் எடையே 130 கிலோ. தாங்க முடியாமல் தொய்ந்த தரையின் மேல் இன்னும் 130 கிலோவை ஏற்றியிருந்தேன்.

தரை தொய்வதற்குப் பாரமும் துருவும்தான் காரணம்.

முதலில் பாரம். நமது டிரெய்லரில் 2 அடி உயரத்துக்கு நெல் கொட்டினால் சுமார் 2 டன் இருக்கும். அதே உயரத்துக்கு ஈர மணல் கொட்டினால் 6 டன்னைத் தொடும். பெட்டி நிறையும் வரை ஏற்றலாம் என்ற கணக்கு நெல்லுக்குச் சரி, மணலுக்கும் செங்கல்லுக்கும் ஆகாது.

அடுத்தது துரு. நல்லவாடு கடலோரம். உப்புக்காற்று ஒரு பக்கம். பொட்டாஷ் உரம் சிந்தினால் அதுவும் இரும்பை அரிக்கும் உப்புதான். யூரியா ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தொழு உரத்தை இறக்கிய பின் கழுவாமல் வேப்பமரத்தடியில் நிறுத்தினால், அதன் மேல் சருகும் சேர்ந்து மாதக்கணக்கில் ஈரம் காக்கும். பழைய கட்டை வண்டியில் பலகைக்குப் பலகை சந்து இருந்தது. தண்ணீர் ஒழுகிப் போய்விடும், காற்றில் காய்ந்துவிடும். வெளிநாடுகளில் படுக்கை, சமையல் வசதியோடு காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. அவற்றிலும் இதே தொல்லைதான். கூரையிலும் ஜன்னலிலும் கசிந்த நீர் ஒட்டுப்பலகைத் தரைக்குள் இறங்கி அதை உளுக்க வைத்துவிடும். மேலே விரிப்பு போட்டு மறைத்தால் தொய்வு இன்னும் வேகமாக வளரும். இரும்போ பலகையோ, தண்ணீர் போக வழி வேண்டும்.

உங்கள் டிரெய்லரை நீங்களே சோதிக்கலாம். காலியாக்கிக் கழுவிக் காயவிடுங்கள். அகலவாக்கில் ஓரத்துக்கு ஓரம் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் பாருங்கள். அடுத்த மாதமும் அளந்து பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் நோய் வளர்கிறது என்று பொருள். பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று கேட்டால் தகட்டில் உயிர் இருக்கிறது. மொத்தென்று கேட்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிடுங்கள். கடைசியாக அடியில் குனிந்து குறுக்குச் சேனல்களைப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு ஓடினால் அங்கே விரிசல் இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. டிப்பர் வகை டிரெய்லரின் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஹோஸ் வெடித்தாலோ, யாராவது லீவரைத் தட்டிவிட்டாலோ பெட்டி அப்படியே இறங்கும், தப்பிக்க நேரம் இருக்காது. கனமான இரும்பு முட்டு கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் டிராக்டரைக் கழற்றித் தள்ளி நிறுத்துங்கள். வைக்கோல் தூசியைக் கூட்டிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள்.

இனி வைத்தியம். தகடு திடமாக இருந்து பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், அடியிலிருந்து பலகை கொடுத்து ஜாக்கியால் மட்டத்துக்கு உயர்த்தி, இருக்கும் குறுக்குச் சேனல்களுக்கு நடுவே ஒவ்வொரு சேனல் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். பாகல் பந்தலுக்குக் காலை நெருக்கி நட்டால் கம்பி தொய்வதில்லையே, அதே கதைதான். தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாக மட்டும் குறையாது, அதைவிட மிக அதிகமாகக் குறைந்துவிடும். எங்கள் வண்டியில் 3 அடிக்கு ஒன்றாக இருந்த சேனலை ஒன்றரை அடிக்கு ஒன்றாக மாற்றினோம். இப்போது மணல் ஏற்றினாலும் நூல் அசைவதில்லை.

தகடு அரித்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகடு வைக்க வேண்டும். மேலே ஒட்டுப்போடக் கூடாது. நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டமே வளைந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ அது ரோட்டோரப் பட்டறை வேலை இல்லை. டிரெய்லர் செய்து பழகியவரிடம் காட்டும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் துருவைத் தேய்த்து எடுத்து ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். மேலே அடிப்பதைவிட அடிப்பக்கம் அடிப்பது முக்கியம். தரையின் நாலு மூலையிலும் அரை அங்குலத் துளை போடுங்கள். நெல் ஏற்றும்போது சாக்குத் துணியால் அடைத்துக்கொள்ளலாம். உரம் ஏற்றி இறக்கிய அன்றே கழுவுங்கள். நிறுத்தும்போது ஒரு பக்கம் சற்றுச் சரிவாக நிறுத்துங்கள்.

நல்லவாட்டு விவசாயிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அவர் பட்டறையில் தகட்டை வெட்டிப் பார்த்தபோது இரண்டு சேனல்கள் கையோடு வந்துவிட்டனவாம். போன வாரம் போன் செய்து, "ஷீட்டு மேல ஷீட்டு போட்டிருந்தா இந்த அறுவடையிலயே உக்காந்திருக்கும் சார்" என்றார். செலவு நினைத்ததைவிடக் கூடத்தான் ஆகியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவரிடம் சொன்ன இன்னொன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். சட்டப்படி அது சரக்குக்கான வண்டி. விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். நடவுக்கு வரும் பெண்களையும், கோயில் திருவிழாவுக்குப் புறப்படும் பிள்ளைகளையும் அதில் ஏற்றுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அது வழக்கமாகத்தான் இருந்தது. அண்ணன் இப்போது நடவுக்கு வருகிறவர்களை ஷேர் ஆட்டோ வைத்து அழைத்து வருகிறார். அந்த அக்கா இன்றைக்கும் எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறார். வரப்பில் ஏறும்போது மட்டும் அந்தக் காலைக் கொஞ்சம் பார்த்து ஊன்றுகிறார்.