பெட்டி வைத்த வேலியும் பெட்டி இல்லாத வேலியும்



கதை, விடுகதை, கோலம் எல்லாம் மற்றவங்க எழுதிட்டாங்க. நான் கரண்ட் வேலி பற்றி எழுதுகிறேன். நம்மில் நிறையப் பேர் வீட்டில் ஆடு இருக்கு. லீவு நாளில் மேய்க்கவும் போகிறோம். அதனால் இது நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

காட்டுப்பன்றி வந்து மக்காச்சோளத்தைக் கிளறிப் போட்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காகச் சில பேர் ராத்திரியில் மோட்டார் ரூமிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். விடிஞ்சதும் பிடுங்க மறந்துபோகும். போன வருஷம் அப்படி ஒரு கம்பியில் பட்டு எங்கள் சினை ஆடு செத்துப்போச்சு. யார் காடு என்று இங்கே வேண்டாம். ஆட்டைத் தூக்க ஓடின ஆத்தாவைத் தாத்தா கத்தி நிறுத்தினார். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் ஆத்தாவும் போயிருக்கும்.

அதனால் என் மாமா, கிடை ஆட்டுக்கு சோலார் வேலி போடப் போறேன்னு வந்து நின்றபோது அம்மா ஒத்துக்கவே இல்லை. “கரண்ட்டுங்கிற பேச்சே இங்க எடுக்காத தம்பி, புள்ளைக நடமாடுற இடம்” என்றாள். மாமா கோபப்படவில்லை. “அக்கா, அது வேற கரண்ட், இது வேற கரண்ட். நீயே வந்து பாரு” என்றார். நானும் கூடமாட வேலை பார்க்கப் போனேன்.

வித்தியாசம் முழுவதும் ஒரு பெட்டியில்தான் இருக்கு. எனர்ஜைசர் என்று பேர். சோலார் தகடு பகலில் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் பண்ணும். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி அந்தக் கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்து, ‘டிக்’ என்று ஒரே தட்டாகக் கம்பிக்கு அனுப்பும். பிறகு ஒரு நொடியாவது சும்மா இருக்கும். மறுபடி ‘டிக்’. கம்பியில் பல ஆயிரம் வோல்ட் என்றதும் எனக்கும் பகீர்னுதான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காது. ஒரு தட்டில் போகும் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்று உலகத் தர விதியும் இருக்கு. தொட்டால் உதறித் தள்ளும், அதோடு விட்டுவிடும்.

மோட்டார் லைனில் வருவது 230 வோல்ட்தான். ஆனால் அது விடாமல் ஓடிக்கிட்டே இருக்கும். கை தசை இறுகிக் கம்பியை விட முடியாமல் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடும். வோல்ட்டை மட்டும் பார்த்து எது ஆபத்து என்று சொல்ல முடியாது.

1930-களில் நியூசிலாந்தில் பில் கல்லாகர் என்பவரின் குதிரை அவர் காரில் போய்ப் போய் உரசிக்கிட்டே இருந்ததாம். அதை விரட்டத்தான் அவர் முதலில் இந்த மாதிரி ஒன்றைச் செய்தார். பிறகு அதுவே பெரிய தொழிலாச்சு. குதிரை பேர் ஜோ!

எங்கள் வேலைக்கு வருகிறேன். கல்லுக்கால் ஊன்றி, அதில் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் மாட்டிக் கம்பி இழுத்தோம். முள்கம்பிக்கு இந்தக் கரண்ட் கொடுக்கவே கூடாது, மாட்டிக்கொண்ட உயிர் விடுபட முடியாமல் மறுபடி மறுபடி அடி வாங்கும். மாமா வைத்திருப்பது பொட்டு ஆடு. அது மூக்கை நீட்டும் உயரத்தில் ஒரு கம்பி கண்டிப்பாக வேண்டும்.

அதிக நேரம் பிடித்தது எர்த்துக்குத்தான். ஆறடிக் குழாய் மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக அடித்து இறக்கினோம். பெட்டியில் ஒரு முனை கம்பிக்கு, இன்னொரு முனை இந்தக் குழாய்களுக்கு. கம்பியைத் தொட்ட ஆட்டின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய், குழாய் வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் ‘சுருக்’ என்று இருக்கும். மண் காய்ந்தால் அது வேலை செய்யாது. அதனால் சித்திரை வெயிலில் குழாயைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மோட்டார் எர்த்திலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளித்தான் இதை அடிக்கணும். கம்பியில் புல் முட்டினால் அடி குறைந்துபோகும், அதையும் அறுத்துவிடணும். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பெட்டியை ஆஃப் பண்ணணும்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா மோட்டார் ஒயரை இதுல சொருகிருவியா?” என்று கேட்டாள். “சத்தியமா மாட்டேன்க்கா” என்றார் மாமா. பெட்டியில் தைத்த கம்பிக்கு வேறு எந்தக் கரண்டும், இன்னொரு பெட்டியும்கூட, கொடுக்கக்கூடாது. அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், நேர்க் கரண்ட் கொடுத்த கம்பியில் பட்டு மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. காடு வைத்திருந்தவரைக் கைது செய்தார்கள். அதே 2023-ல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போட்டால் அனுமதி வாங்கணும், ஏற்கனவே உள்ளதைப் பதிவு செய்யணும் என்று விதி கொண்டுவந்தது. நமக்கு மேற்கே இருக்கும் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். சேத்தூர், தேவதானம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு வேலியும் ஒரே மாதிரிதான் தெரியும். மஞ்சள் போர்டு இருக்கா, இன்சுலேட்டர் இருக்கா, ‘டிக் டிக்’ சத்தம் கேட்குதா என்று பாருங்கள். இருந்தாலும் தொடவேண்டாம். ஆடு கம்பியில் கிடந்தால் கிட்டே போகாமல், சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள்.

எங்கள் கிடாக்குட்டி முதல் நாளே மூக்கை வைத்து ஒரு அடி வாங்கி, துள்ளி ஓடி அம்மா காலுக்குள் புகுந்தது. இப்போ பெட்டி ஆஃபில் இருந்தாலும் கம்பிப் பக்கம் போறதில்லை. அம்மாதான் தினமும் சாயங்காலம் போய் ஆன் பண்ணிட்டு வருகிறாள், மாமாவைக்கூட விடுவதில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சோழபுரம்