புறக்கணிக்க முடியாத கம்பி



போன வாரம் அத்தானின் அம்பாசிடர் படத்தைப் போட்டிருந்தேன். "சார், இன்னும் ஓடுதா?" என்று இருபது பேராவது கேட்டுவிட்டீர்கள். ஓடுகிறது. உங்களில் நாலைந்து பேர் பழைய வண்டி வைத்திருப்பதால், எப்படி ஓட வைத்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இயற்பியல் பிடிக்காதவர்கள் கணக்கை மட்டும் தாண்டிப் போகலாம். இந்த வயதில் நான் யாரையும் பெஞ்சு மேல் ஏற்றப் போவதில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக அந்த வண்டியில் செல்ஃப் சரியாக எடுக்காது. காலையில் ஒரு மாதிரி எடுத்துவிடும். கடைத்தெரு போய் நிறுத்தினால், இன்ஜின் சூட்டோடு இருக்கும்போது "ங்ங்ங்" என்று ஒரு முனகல், அப்புறம் "டக்". தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். அத்தானுக்கு எழுபத்தைந்து வயது, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். பையன்கள் இல்லாத நேரத்தில் அவரே கதவைப் பிடித்துத் தள்ளுவார் என்று தெரிந்ததும் அக்கா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் போட்டாயிற்று. கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். "மாப்ளே, வண்டிக்கு வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு" என்றார் போனில். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. அக்கா கல்யாணமாகி அதில்தான் அந்த வீட்டுக்குப் போனாள்.

ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு மல்டிமீட்டருடன் போனேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எதுவானாலும், மின்சுற்றுக் கணக்கில் ஒரு வரி வரும்: "இணைப்புக் கம்பிகளின் மின்தடையைப் புறக்கணிக்கவும்." நாமும் புறக்கணிப்போம். டார்ச் பல்புக்கு கால் ஆம்பியர், அரை ஆம்பியர்தான் ஓடும் என்பதால் அங்கே அது நியாயம். காரின் செல்ஃப் மோட்டார் வேறு ஜாதி. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சுழலத் தொடங்கும் முதல் நொடித்துளியில் அதைப்போல இரண்டு மடங்கும் போகும். அந்த அளவு மின்னோட்டத்துக்கு, ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பெரிய விஷயம். V = IR. ஒரு மில்லிஓம் தடை இருந்தால் 150 ஆம்பியரில் 0.15 வோல்ட் அங்கேயே போய்விடும். பத்து மில்லிஓம் என்றால் ஒன்றரை வோல்ட்.

மல்டிமீட்டரை பேட்டரியில் சும்மா வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டும். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்போம். செல்ஃப் முனையில் வைத்துப் பார்த்தாலும், ஓட்டம் இல்லாதபோது, நூல் போன்ற கம்பிகூட 12.6 காட்டும். சுமை ஏறும்போதுதான் கேபிளின் யோக்கியதை தெரியும். அதனால் செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும். செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சுழல மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள். அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கக்கூடாது. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். ஒருவர் ஐந்து வினாடி செல்ஃப் அடிக்கட்டும். சாலினாய்டு மூடுவதற்கு முன் மீட்டர் 12 காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுழலும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. அடுத்து, பேட்டரியின் எர்த் குமிழுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே அதேபோல. முதல் அளவு அரை வோல்ட்டுக்குள், இரண்டாவது 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிளைத் தொட வேண்டாம்.

அத்தான் வண்டியில் முதல் அளவு 1.3. எர்த் பக்கம் 0.9. மொத்தம் 2.2 வோல்ட். அதே நேரம் பேட்டரிக் குமிழ்களுக்கு நடுவே 10.6 இருந்தது. ஆக, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.4தான். நம் பள்ளியில் படித்து இப்போது சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்யும் ஒரு தம்பி, டி.சி. கிளாம்ப் மீட்டரோடு வந்து உதவினான். ஓட்டம் 140 ஆம்பியர். 140 × 2.2 = 308 வாட். அவ்வளவும் வழியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து வினாடி செல்ஃப் அடித்துவிட்டு லக்கைத் தொட்டால் கை சுட்டது. அக்காவே தொட்டுப் பார்த்து, "தோசைக்கல்லு மாதிரில்ல இருக்கு!" என்றாள்.

கேபிளைக் கழற்றி வெட்டிப் பார்த்தோம். வெளியே பார்த்தால் கட்டைவிரல் பருமன். உள்ளே பாதிக்கு மேல் பிளாஸ்டிக். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது: செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். லக்கை சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி மாட்டியிருந்தார்கள். இடுக்கெல்லாம் பூத்துப் போயிருந்தது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையில் நாலைந்து இழைதான் மிச்சம். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பி வர சோக் கேபிள் போன்ற குறுக்குவழிகளைத் தேடும். சில வண்டிகளில் சோக் கேபிள் புகைவதற்குக் காரணம் இதுதான்.

இனி, எந்த அளவு கேபிள் வாங்குவது? கடையில் "தடியா ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள். மூன்று விஷயம் வேண்டும்: எவ்வளவு ஆம்பியர், எவ்வளவு நீளம், எவ்வளவு வோல்ட் இழக்கச் சம்மதம். செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லிஓம் என்பதற்கு ஒரு சுலப வழி: 17.2ஐ குறுக்குவெட்டுப் பரப்பால், அதாவது கடைக்காரர் சொல்லும் 'ஸ்கொயர் எம்.எம்.' எண்ணால், வகுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் வண்டியில் பேட்டரி பானட்டுக்குள்ளேயே இருப்பதால், பேட்டரியிலிருந்து சாலினாய்டு, அங்கிருந்து செல்ஃப், எர்த் கேபிள், பட்டை எல்லாம் சேர்த்து இரண்டு மீட்டர்தான். 150 ஆம்பியர் என்று வைத்தால் இழப்பு இப்படி வரும்:

10 ஸ்கொயர் எம்.எம். – 0.52 வோல்ட்
16 – 0.32 வோல்ட்
25 – 0.21 வோல்ட்
35 – 0.15 வோல்ட்
50 – 0.10 வோல்ட்

இது 20 டிகிரி வெப்பநிலைக் கணக்கு. பானட்டுக்குள் 60 டிகிரி என்றால் செம்பின் தடை ஆறில் ஒரு பங்கு கூடும். லக் இணைப்புகளுக்கும் சாலினாய்டுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். அதனால் 16 தேறும், ஆனால் ஜஸ்ட் பாஸ். 25 போட்டால் நிம்மதி. 35க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 0.06 வோல்ட், அதற்காக விறைப்பான கேபிளை வளைத்துத் திணித்தால் அது பேட்டரிக் குமிழை இழுத்துக்கொண்டே இருக்கும், லக்கும் சாலினாய்டு போல்ட்டில் உட்காராது. தடிமன் கூடினால் மின்சாரத்துக்குக் கெடுதல் இல்லை, பொருத்துவதில்தான் சிரமம். நாங்கள் 25 எடுத்தோம். மெல்லிய இழைகள் நிறைய உள்ள முழுச் செம்பு. வீட்டு ஒயரிங்குக்கான விறைப்புக் கம்பி வண்டி அதிர்வில் ஒடியும்.

பேட்டரி தூரத்தில் உள்ள வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது. பழைய மினி காரில் பேட்டரி டிக்கியில். கேபிள் நாலு மீட்டர் என்றால் 25இல் இழப்பு 0.41 வோல்ட். அங்கே 50 போட்டால்தான் அத்தான் வண்டியின் நிலைமை வரும்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். போர்க்கால வில்லிஸ் ஜீப், பழைய பீட்டில் எல்லாம் 6 வோல்ட். அதே வேலையைச் செய்ய மின்னழுத்தம் பாதி என்றால் மின்னோட்டம் இரண்டு மடங்கு. 150க்குப் பதில் 300 ஆம்பியர். அதே 25 கேபிளில், இரண்டு மீட்டருக்கு, 0.41 வோல்ட் போகும். 12இல் 0.21 போவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 6இல் 0.41 போவது நூற்றுக்கு ஏழு. அதாவது நஷ்டம் நாலு மடங்கு. இந்த வண்டிகளுக்கு 12 வோல்ட் காருக்கான ரெடிமேட் கேபிளை மாட்டிவிட்டு "பழைய வண்டி, அப்படித்தான்" என்று சொல்கிறார்கள். 50 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள்.

பாதுகாப்புக்கு மூன்று சொல்கிறேன். செல்ஃப் கேபிளில் ஃபியூஸ் கிடையாது. தகரத்தில் உரசி உறை கிழிந்தால் பல நூறு ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும், தீப்பிடிக்கும். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, சைலன்சர் குழாய்க்குத் தள்ளி, கிளிப் போட்டு நிறுத்துங்கள். இரண்டாவது, கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். நிறத்தை நம்பாமல், எந்தக் கேபிள் பாடியில் போய் முடிகிறது என்று பாருங்கள். மூன்றாவது, மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

லக்குகளை அந்தத் தம்பி ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்தினான். எர்த் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பு வந்த பிறகு மாட்டி, மேலே வாசலின் தடவினோம். எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

திரும்ப அளந்தோம். 160 ஆம்பியர். பேட்டரியில் 10.4, செல்ஃப் மோட்டாரில் 10.0. வழியில் போனது 0.4 மட்டும். காயில் ஒயரை மாட்டிவிட்டு அத்தானைக் கூப்பிட்டோம். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு, சூட்டோடு உடனே மறுபடியும் போட்டார். எடுத்தது. மூன்றாம் முறையும் எடுத்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரும்புக்காரருக்குப் போன் போட்டு, "தம்பி, முன்பணத்தை வந்து வாங்கிக்கோ" என்றார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரி வாங்கும் முன் இந்த இரண்டு அளவையும் எடுத்துப் பாருங்கள். ஆம்பியர், நீளம், எத்தனை வோல்ட் என்று எழுதி அனுப்பினால் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஹோம்வொர்க் திருத்துவதைவிட என்ன வேலை?

அனைவரும் நலமாக இருங்கள்.